இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளி

என் மனைவி லேப்டாப் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக நான் பிள்ளையாரையே ஏமாற்றினேன். பூ கட்டிக் கேட்டபோது ஒரு பொட்டலத்தில் செவ்வரளியும் இன்னொன்றில் வெள்ளரளியும் வைத்திருக்க வேண்டும். நான் இரண்டிலும் வெள்ளரளியை வைத்தேன். சிவப்பு வந்தால் உடனே வாங்குவது, வெள்ளை வந்தால் பொறுத்திருப்பது என்று பேச்சு. வெள்ளைதான் வந்தது. வேறு எது வரும்?

வேலையில் இருந்த காலமெல்லாம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சாமி, பூ, சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லாதவன் என்று ஊருக்குள் பேரெடுத்திருந்தேன். நம்பிக்கை உள்ளவன் இந்தக் காரியத்தைச் செய்யப் பயந்திருப்பான். எனக்கு அந்தப் பயமும் இல்லை.

காத்திருப்பது எனக்கு ஒரு வியாதி. எண்பத்தொன்பது வாக்கில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கலர் டிவி வந்துவிட்டது. ரிமோட் வைத்த டிவி விலை இறங்கட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புராணத் தொடர் பார்க்க என் மனைவி எதிர்வீட்டுக்குப் போவாள். பின்னாலேயே எங்கள் மகள் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போவாள். கடைசியில் ரிமோட்டோடு ஒரு டிவி எங்கள் வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு மூவரும் குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, டிவி முன் உட்கார்ந்தோம். தொடர் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டிருந்தது. காளான் வளர்ப்பைப் பற்றி ஒருவர் பேசினார். என் மனைவி எழுந்து போகாமல் முழுவதும் பார்த்தாள். முடிந்ததும், "ரிமோட் நல்லாதாங்க இருக்கு" என்றாள்.

கிரைண்டரும் அப்படித்தான். சாய்த்து மாவு வழிக்கிற மாடல் வரப்போகிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டு நிறுத்தி வைத்தேன். அது வரும்வரை ஆட்டுக்கல்லைச் சுற்றிய கை அவளுடையது. இட்லி சாப்பிட்ட வாய் என்னுடையது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதாவது வேறு மாதிரி ஆளாகப் பார்த்திருக்கலாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பையன் கிடைத்தான். நல்லவன். ஆனால் என்னை விடப் பெரிய காத்திருப்பாளன். எந்தச் சாமான் எப்போது பழசாகும், எந்த மாதம் எது விலை இறங்கும் என்று விரல் நுனியில் வைத்திருப்பான். அவர்கள் கல்யாணமாகிப் போனபின் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் இந்தக் கதை தொடங்கியது.

என் மனைவி கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சில் ஹையர் முடித்தவள். அந்தச் சான்றிதழ்கள் பீரோவுக்குள், என் பட்டங்களுக்கு அடியில் கிடந்தன. மகளுக்கு இ-மெயில் அனுப்புவதற்காக செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம் இருந்த ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் துணைக்கு நானும் போனேன். அவள் விரல்கள் கீபோர்டைப் பார்க்காமலே ஓடின. நான் 'ஆர்' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு முட்டிவலி என்று சொல்லிவிட்டேன்.

அங்கேதான் ஒரு வெள்ளைக்காரம்மாவைப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் வந்து ஆசிரமத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கி, பங்குனி வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். மற்றவர்கள் மலையைப் பார்க்க வந்தால் இவர் பெண்களைப் பார்க்க வந்தவர். நடவு நடுகிறவர்கள், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பறிக்கிறவர்கள், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையோரம் கடை போடுகிறவர்கள் என்று பலரிடமும் ஒரு டேப்ரெக்கார்டரை நீட்டிப் பேசச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் காய்கறி வாங்க மட்டுமே போதும். பேச்சை அப்படியே கேட்டு, ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

என் மனைவி ஒரு கேசட்டை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தே முடித்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். மிச்சக் கேசட் எல்லாமே உனக்குத்தான், வருடக்கணக்கில் வேலை இருக்கிறது, ஆனால் நான் ஊருக்குப் போனபிறகும் நீ அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் சொந்தமாக ஒரு மிஷின் வேண்டும் என்றாராம். கிளம்புவதற்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

மேஜையில் வைக்கிற கம்ப்யூட்டர் போதாதா என்று கேட்டேன். கத்திரி வெயிலில் கரண்ட் போகிற ஊரில் பாதிப் பக்கம் அடிக்கும்போது எல்லாம் அணைந்துவிடும் என்றாள். லேப்டாப் என்றால் பேட்டரி தாங்கும். அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். சம்பளமில்லாமல் இத்தனை வருடம் வேலை பார்த்த ஒருத்தி, தன் பேருக்கு வந்த முதல் வேலையைக் கையில் பிடிக்கப் பார்க்கிறாள். அது எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். எதிர்பார்த்ததுதான். "மாமா, இப்ப வாங்கிடாதீங்க. ஆறே மாசம். புது சிப் வருது, ஒயர் இல்லாமலே இன்டர்நெட் வரும், வெயிட்டும் கம்மி" என்றான். கேட்கக் கேட்க என் காதில் தேன் பாய்ந்தது. அதற்குள் மகள் ரிசீவரைப் பிடுங்கிவிட்டாள்.

"அப்பா, இவர் பேச்சைக் கேக்காதீங்க. எங்க வீட்ல இன்னும் வாஷிங் மெஷினே வரலை. அடுத்த மாடலுக்குக் காத்துனு இருக்கோம். நான் கையால தோய்ச்சுனு இருக்கேன்."

நான் மாப்பிள்ளை சொன்னதை மட்டும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சரின்னு சொல்லிட்டீங்களே. அடுத்த மாடல் வரும்னு அப்ப தோணலையா?"

"தோணிச்சு. எங்கப்பா விடலை" என்றேன்.

சிரித்தாள். அவள் சிரித்ததால் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். நான் ஒரு தாளில் கோடு போட்டு, இப்போது வாங்கினால் என்ன, ஆறு மாதம் கழித்து வாங்கினால் என்ன என்று வகுப்பில் விளக்குவது போல விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தம்மா ஆறு மாசம் காத்திருப்பாங்களா? அதுக்கு உங்க தாள்ல கோடு இல்லையே" என்றாள்.

உண்மையான காரணம் சிப்பும் இல்லை, எடையும் இல்லை. செங்கம் ரோட்டில் போனால், "மேடம் வீட்டுக்காரரா நீங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை அவள்தான் சார் வீட்டம்மா. அதோடு சாயந்தரம் நாலு மணிக்கு எனக்குக் காபி வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு பெண் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவளிடம் எப்படிக் காபி கேட்பது என்று நான் கவலைப்பட்டேன். எழுதும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது. அப்போது அது பெரிய கவலையாக இருந்தது.

"சரி, பூ கட்டிக் கேட்டுடலாம்" என்றாள் ஒரு நாள். அவள் பிறந்த வீட்டில் கிணறு வெட்டுவதிலிருந்து சம்பந்தம் பேசுவதுவரை எல்லாவற்றுக்கும் பூ கேட்பார்கள். நான் வழக்கமாகக் கேலி செய்வேன். அன்று, "உன் இஷ்டம்" என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் உண்டு. பௌர்ணமி தவிர மற்ற நாளில் கூட்டம் இருக்காது. அங்கே பூசை செய்கிற குருக்கள் என்னிடம் பி.எஸ்சி. இரண்டாம் வருடம்வரை படித்து, ஒளியியலில் தேறாமல் நின்றுகொண்டவர். என்னைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பயப்படுவார்.

"அம்மா கேக்கறவங்க, அவங்க கட்டக் கூடாது. சார், நீங்களே கட்டிண்டு வாங்கோ" என்றார்.

நான் கோயிலுக்குப் பின்னால் போனேன். வாசலில் வாங்கிய அரளி ஒரு வாழையிலைத் துண்டில் இருந்தது. இரண்டு காகிதத்தை எடுத்து ஒன்றில் வெள்ளையை வைத்து மடித்தேன். இரண்டாவது காகிதத்தில் செவ்வரளியை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளையை வைத்து மடித்தேன். பரீட்சையில் பிட் அடித்தவர்களைப் பிடித்து எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். அவர்களும் இப்படித்தான் பையில் போட்டிருப்பார்கள்.

குருக்கள் பொட்டலங்களைப் பிள்ளையார் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். கிரிவலம் வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். அது நன்றாக யோசித்து, கையை இங்கும் அங்கும் ஆட்டி, ஒன்றை எடுத்துக் கொடுத்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. குருக்கள் பிரித்தார்.

"வெள்ளைம்மா. பொறுமையா இருங்கோன்னு உத்தரவு."

அவள் கண்ணைத் திறந்து அந்தப் பூவைப் பார்த்தாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழியில் ஒரு வார்த்தைகூட குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சொன்னது பிள்ளையார்.

மறுநாள் அவளே போய் அந்த அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா கோபித்துக்கொள்வார், இது என்ன மூடத்தனம் என்று கேட்பார், அதனால் ஏதாவது மாறும் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்தது. அவர் இரண்டு கையையும் கூப்பி, தெய்வத்தின் சித்தம் அதுவானால் அப்படியே ஆகட்டும் என்றாராம். இந்த ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் இதுதான் சங்கடம். நம்மை விட அவர்கள் நம்புவார்கள். ஊருக்குப் போகுமுன் வேலையை அந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த வாலிபனிடம் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதம் போனது. புது சிப் வந்தது. அதற்குள் அதைவிடப் புதுசு வரப்போவதாக மாப்பிள்ளை சொன்னான். லேப்டாப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நாலு மணிக்குக் காபி தவறாமல் வந்தது. பிரௌசிங் சென்டருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் ஒன்று கவனித்தேன். வீட்டில் எது பழுதானாலும், "இருக்கட்டுங்க, அடுத்த மாடல் வரட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் கதவுக்குச் சொன்னாள். சரி. என் மூக்குக் கண்ணாடிக்கும் சொன்னாள்.

அடுத்த வருடத்துக் குளிரில் வெள்ளைக்காரம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். தோசை சாப்பிட்டார். போகும்போது அந்த வாலிபன் அடித்துக் கொடுத்த பக்கங்களை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் சமையலைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்து படித்தாள். நான் பேப்பர் படிப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறை சொல்லப்போகிறாள், சந்தோஷப்படப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லாதான் பண்ணியிருக்கான் பையன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சிரிச்ச இடத்தை மட்டும் எல்லாம் விட்டுட்டான். அந்தப் பொம்பளைங்க பேச்சுல பாதி சிரிப்புதாங்க. மாமியாரைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. படிச்சா எல்லாரும் அழுதுனே பேசுன மாதிரி இருக்கு" என்றாள்.

பக்கங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, உறையில் போட்டாள். அவ்வளவுதான். அன்று நாலு மணிக் காபி எனக்கு இறங்கவில்லை.

அந்த வாரமே அவளிடம் சொல்லாமல் சென்னைக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளைக்கும் போன் செய்யவில்லை. கடைக்காரப் பையன் நேர்மையானவன். "சார், அடுத்த மாசம் இதுலயே புது மாடல் வருது. அவசரம் இல்லைன்னா வெயிட் பண்ணலாம்" என்றான். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான வாக்கியம் எனக்குத் தெரியாது. "வரட்டும்பா. இதைக் கட்டு" என்றேன்.

பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். எதற்கு என்று கேட்டாள். நின்றுகொண்டே சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் நான் வெள்ளையைத்தான் வைத்தேன், பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னவன் நான்தான் என்றேன். காபிக் கதையையும் மறைக்கவில்லை.

அவள் பெட்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"சட்டைப் பையைப் பாக்காம நான் என்னிக்குங்க துணி ஊறப்போட்டிருக்கேன்?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோயிலுக்கென்று வைத்திருந்த அந்த வெள்ளைச் சட்டையை வந்ததும் ஆணியில் மாட்டியிருந்தேன். செவ்வரளியை மறந்தே போனேன். சில வாரம் கழித்து அதை அவள் தோய்க்க எடுத்திருக்கிறாள். காய்ந்த பூ கையில் வந்திருக்கிறது. அதற்குள் அந்த அம்மா வேலையைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது.

"அப்பவே ஏன் கேக்கலை?" என்றேன்.

"கேட்டா என்ன ஆவும்? வேலை போயிடுச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துனு இருந்தேன். உங்களுக்கு மட்டும்தான் காத்திருக்கத் தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அது வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

"மன்னிக்கறதா வேணாமான்னு நான் எப்படிங்க சொல்றது? பூ கட்டிக் கேட்டுடலாம்."

அதே கோயில், அதே குருக்கள். "இந்தத் தடவை கேக்கறது சார்தானே? அப்ப அம்மா கட்டட்டும்" என்றார். அவள் கோயிலுக்குப் பின்னால் போனாள். சீக்கிரமே வந்துவிட்டாள். சிவப்பு வந்தால் மன்னிப்பு, வெள்ளை வந்தால் பொறுத்திருக்க வேண்டும். குழந்தை எதுவும் அகப்படவில்லை. "சார், நீங்களே எடுங்கோ" என்றார் குருக்கள். நம்பிக்கை இல்லாதவன், அந்த இரண்டு பொட்டலங்களுக்கும் முன்னால் வேர்த்துப்போய் நின்றேன். இடது பக்கத்தை எடுத்தேன்.

வெள்ளை.

மற்றதைப் பார்க்கலாமா என்று கை நீண்டது. அதற்குள் அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "சாமி உத்தரவுங்க. பொறுங்க" என்றாள். குருக்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒளியியலில் தேறாதவர், அன்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

லேப்டாப் பெட்டி பிரிக்கப்படாமல் காலண்டருக்குக் கீழே இருந்தது. அடுத்த கார்த்திகை தீபம் முடியட்டும் என்றாள். கடையில் புது மாடல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மாப்பிள்ளை பண்டிகைக்கு வந்தபோது பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவன் போல என் தோளைத் தொட்டான். மகள் அம்மாவிடம் எல்லாம் கேட்டிருப்பாள் போல. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பா, பூ ஏதாவது வேணுமா?" என்றாள்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் எல்லாம் வடிந்து, வெள்ளைக்காரம்மா மறுபடியும் வந்துசேர்ந்த பிறகு ஒரு மத்தியானம், என் மனைவி காய் நறுக்குகிற கத்தியால் அந்தப் பெட்டியைப் பிரித்தாள். வேலை திரும்பி வரவில்லை. அது அந்த வாலிபனுடையதாகிவிட்டது. அந்த அனுபவத்தை வைத்து அவனுக்குச் சென்னையில் வேலையும் கிடைத்தது. கெட்டிக்காரன் என்று அவளே சொல்வாள். ஆனால் அந்த அம்மாவிடம் கேசட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, அவன் அடித்த பக்கங்களில் சிரிப்பை எல்லாம் திரும்பச் சேர்க்க ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் காசும் கொடுக்கவில்லை. அது புத்தகமாக அச்சுக்குப் போனபோது அவள் பேர் எங்கேயும் இல்லை. அதற்குக் காரணம் நான். அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. நான் என்ன வாங்கிக் கொடுத்தாலும் மாறப்போவதில்லை.

ஹெட்போன் வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் எனக்கும் கேட்கும். யாரோ ஒருத்தி மாமியாரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி அதே இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதன்பிறகு காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட் அடித்துத் தரச் சொல்லி வர ஆரம்பித்தார்கள். "மேடம் இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்பார்கள். இருக்கிறாள், உட்காருங்கள் என்பேன்.

அவள் முந்தானையில் முடிந்துகொண்ட அந்த இரண்டாவது பொட்டலம் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் ஒளித்து வைக்கவில்லை. நான் விளக்குத் துடைக்கும்போதெல்லாம் கையில் படுகிறது. உள்ளே பூ காய்ந்து பொடியாகியிருக்கும். ஆனாலும் நிறம் தெரியும். இதுவரை பிரிக்கவில்லை. மன்னித்துவிட்டாளா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "இன்னும் உத்தரவு வரலைங்க" என்றாள்.

நாலு மணிக் காபி இப்போது நான்தான் போடுகிறேன். அவள் மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்தாமல் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்கும் சக்கரை ஜாஸ்தி" என்பாள்.